திரும்பி வராத விடைத்தாள்

தராசு யாருக்காக? விற்பவனுக்கா, வாங்குபவனுக்கா? இருவருக்கும் என்பதே நேர்மையான விடை. தட்டு ஏறுவதையும் இறங்குவதையும் இருவரும் காணும்படி நடுவில் பிடித்து நிறுப்பதே வணிக அறம். திரைக்குப் பின்னால் நிறுத்துவிட்டு, 'இவ்வளவுதான் எடை. எடுத்துக்கொண்டு போ' என்று சொல்லும் கடைக்காரனிடம் நாம் இரண்டாம் முறை செல்லமாட்டோம். ஆனால், நம் பிள்ளைகள் மூன்றாண்டு, நான்காண்டு கண்விழித்துக் கற்ற கல்வியை நம் உயர்கல்வி நிலையங்கள் திரைக்குப் பின்னால்தான் நிறுக்கின்றன. எடையை மட்டும் ஓர் எண்ணாக வெளியே அனுப்புகின்றன. அந்த எண்ணைக் கையில் வாங்கிக்கொண்டு, தாயும் தந்தையும் வாய் மூடி வீடு திரும்புகிறோம். இம்மாதம் வாசகக் குடும்பங்களின் முன் நாம் வைக்க விரும்பும் வழக்கு இதுவே.

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் புறநகர் ரயிலில் மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை ஆகிய ஊர்களைக் கடந்தால் கும்மிடிப்பூண்டி வரும். 1997இல் தனி மாவட்டமாகப் பிரிந்த திருவள்ளூரின் வடகோடி அது. அங்கே சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பாலைகளும் இரசாயன ஆலைகளும் உதிரிபாகத் தொழிற்சாலைகளும் நிறைந்துள்ளன. அதிகாலை ரயிலில் வந்து இறங்கும் கூட்டத்தைச் சற்று நின்று பார்ப்பவர்களுக்கு ஓர் உண்மை விளங்கும். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் சோற்றுப் பாத்திரமுமாக ஆலை வாயிலை நோக்கி நடப்பவர்களில் கல்லூரி வாயிலைக் கண்டு வந்தவர்கள் பலர். பெயர் ஒரு காண்ட்ராக்டரின் ஏட்டில்; உழைப்பு ஓர் ஆலையின் கூடத்தில்; பட்டமோ வீட்டு அலமாரியில், அல்லது இன்னும் பல்கலைக்கழகத்திலேயே!

அவர்களில் ஒரு பிள்ளை சென்ற ஆண்டு ஒருநாள் மஃரிப் தொழுகைக்குப் பின் நம்மைத் தேடி வந்தான். சிறு வயதில் நம்மிடம் ஓதியவன். தந்தை சிறு வியாபாரி. அந்த வீட்டிலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள் இவன். இயற்பியல் பட்டப் படிப்பில் எல்லாத் தாள்களும் தேறி, ஒரே ஒரு தாள் மட்டும் நின்றுவிட்டது. மூன்று முறை எழுதினான்; மூன்று முறையும் தோல்வி. நான்காம் முறை பணம் கட்டலாமா, அல்லது பட்டமே வேண்டாமென்று தலைமுழுகிவிடலாமா என்று கேட்கவே வந்திருந்தான்.

"எங்கே தவறு விடுகிறாய், தம்பி?" என்று கேட்டோம்.

"தெரியலை ஹஸரத். முதல் தடவை 31 வந்தது. அப்புறம் 28. அப்புறம் 33. அவ்வளவுதான் தெரியும்."

"எழுதிய தாளைப் பார்த்தாயா?"

"அது எப்படி ஹஸரத் பார்க்க முடியும்?" என்று வியப்போடு கேட்டான்.

பேச்சை மாற்ற எண்ணி, ஆலையில் அவன் வேலை யாது என்று கேட்டோம். கடைந்து வரும் உதிரிபாகங்களைக் கேஜ் வைத்து அளவு பார்ப்பதாம். அளவு தப்பிய பாகம் வந்தால், தப்பிய இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு, கடைந்தவரிடமே திருப்பி அனுப்பவேண்டுமாம். "ஏன் திருப்பி அனுப்புகிறாய்? கழித்துப் போட்டுவிட்டுப் போவதுதானே?" என்றோம் விளையாட்டாக. அவன் சிரிக்கவில்லை.

"திருப்பி அனுப்பலேன்னா, அவர் நாளைக்கும் அதே தப்பைத்தானே ஹஸரத் செய்வார்?"

வாசகர்களே, கல்வியாளர் குழுக்கள் எத்தனையோ அமர்ந்து எழுதிய அறிக்கைகளின் சாரம் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கக் கண்டோம். ஓர் இரும்புத் துண்டுக்குக் காட்டப்படும் இந்த மரியாதை, அந்த இரும்பை அளக்கும் இளைஞனின் விடைத்தாளுக்குக் காட்டப்படவில்லை. மூன்று முறை அவனைக் கழித்துப் போட்டார்கள். ஒருமுறையேனும் பிழையைச் சுற்றி வட்டம் போட்டுத் திருப்பித் தந்தார் இல்லை. அவன் பயின்ற கல்லூரியையோ தேர்வு நடத்திய பல்கலைக்கழகத்தையோ இங்கே பெயர் சொல்லப் போவதில்லை. குறை ஓரிடத்தது அன்று. முறையே அப்படி அமைந்துவிட்டது.

தேர்வுக்காகவே பிறந்த பல்கலைக்கழகம்

இம்முறையின் வேரைத் தேடினால் 1857க்குப் போகவேண்டும். அவ்வாண்டு சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது, அன்றைய இலண்டன் பல்கலைக்கழகத்தின் அமைப்பே அதற்கு மாதிரி. கற்பிப்பது கல்லூரிகளின் வேலை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவது பல்கலைக்கழகத்தின் வேலை. கற்பிப்பவர் ஒருவர், சோதிப்பவர் வேறொருவர், இருவரும் ஒருவரை ஒருவர் அறியார். கற்பிக்கும் பொறுப்புக்குச் சட்டம் இடம் தந்தது 1904இல்தான். அரசு அலுவலகங்களுக்கு ஆள் பொறுக்கவேண்டிய ஆட்சிக்கு அந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது. பொறுக்குகிறவனுக்குத் தேறியவன் யார் என்று தெரிந்தால் போதும்; தேறாதவன் எங்கே தடுக்கி விழுந்தான் என்பதில் அவனுக்கு என்ன அக்கறை?

ஆட்சி மாறியது, ஆண்டுகள் பல ஓடின. சுதந்திர இந்தியாவின் முதல் கல்விக்குழு, டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49இல் நாடெங்கும் ஆராய்ந்தது. பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம்தான் சொல்லலாம் என்றால் அது தேர்வுமுறைச் சீர்திருத்தமாகவே இருக்கவேண்டும் என்னும் பொருள்பட அக்குழு எழுதிவைத்தது. எழுபத்தைந்து ஆண்டுகள் கடந்த பின்னும் அந்தச் சொல் காகிதத்திலேயே இருக்கிறது.

இடையில் ஒரு நல்ல முயற்சி நம் தமிழ்நாட்டில்தான் தொடங்கியது. 1978இல் சென்னைப் பல்கலைக்கழகம் லயோலா கல்லூரி, சென்னைக் கிறித்தவக் கல்லூரி முதலிய சில கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வழங்கியது. கற்பிப்பவரே சோதிக்கட்டும் என்பது அதன் உட்கருத்து. பிள்ளையின் முகம் அறிந்தவர் வினாத்தாள் அமைப்பார். பிழையைக் கண்டதும் அழைத்துச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தார்கள். தன்னாட்சி பின்னர் பல கல்லூரிகளுக்குப் பரவியது. ஆனால், பல இடங்களில் தாளைப் பூட்டிவைக்கும் பழக்கமும் கூடவே சென்றது. பூட்டின் சாவி மட்டும் பல்கலைக்கழகத்திலிருந்து கல்லூரிக்குக் கை மாறியது.

இரண்டு எடைகள்

பூட்டிவைத்த பொருளைச் சுற்றி என்ன விளையும் என்பதற்கு ஒரு சான்று போதும். 2017 ஏப்ரல்-மே பருவத் தேர்வுக்குப் பின், அண்ணா பல்கலைக்கழகத்தில் மறுமதிப்பீடு கோரியவர்கள் 3,02,380 பேர் என்றும், அவர்களில் 73,733 பேர் மறுமதிப்பீட்டில் தேர்ச்சி பெற்றனர் என்றும், 16,636 பேருக்கு மதிப்பெண் உயர்ந்தது என்றும் செய்திகள் வெளியாயின. பணம் பெற்றுக்கொண்டு மதிப்பெண் உயர்த்தப்பட்டது என்ற குற்றச்சாட்டின்மேல் இலஞ்ச ஒழிப்புத் துறை 2018 ஆகஸ்டில், முன்னாள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் உட்படப் பத்துப் பேர்மீது வழக்குப் பதிவு செய்தது.

குற்றம் யார்மேல் என்பது நீதிமன்றம் சொல்லவேண்டியது. நாம் அதனுள் புகவில்லை. நாம் கேட்பது வேறு. ஒரு ரூபாய்கூடக் கைமாறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால், முதலில் தோல்வி என்று தள்ளப்பட்ட எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் இரண்டாம் பார்வையில் தேறியவர்கள் ஆனது எப்படி? ஒரே தாளுக்கு இரண்டு எடை இருந்தது என்றன்றோ அதன் பொருள்! பணம் கைமாறியது என்றால், தராசு விலைக்கு விற்கப்பட்டது என்று பொருள். எப்படிப் பார்த்தாலும் தராசு பழுது. விடைத்தாள் திறந்த வெளியில் இருந்திருந்தால், தன் தாளைத் தானே படித்துப் பார்க்கும் உரிமை ஒவ்வொரு பிள்ளைக்கும் இயல்பாக இருந்திருந்தால், முதல் கேட்டுக்கும் இடமில்லை. இரண்டாம் கேட்டுக்கும் இடமில்லை. இருட்டில்தான் எடை மாறும்.

சட்டம் இதில் நம் பிள்ளைகளுக்குத் துணையாகவே நிற்கிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடுத்த மேல்முறையீட்டில் 2011 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. திருத்தப்பட்ட விடைத்தாளும் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் கூறும் 'தகவல்' என்பதனுள் அடங்கும். எழுதியவன் அதனைப் பார்வையிடலாம். திருத்தியவர் பெயரை மட்டும் மறைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இதனை அறிவார்கள்? 'அது எப்படி ஹஸரத் பார்க்க முடியும்?' என்று அந்த இளைஞன் கேட்டபோது தீர்ப்பு வந்து பத்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

கேளாமலே தேர்ச்சி

இன்னொரு பக்கமும் உண்டு. நோய்த்தொற்றுக் காலத்தில், 2020 ஆகஸ்டு 26 அன்று, அரியர் தாள்களுக்குக் கட்டணம் கட்டியிருந்த கல்லூரி மாணவர்கள் தேர்வு எழுதாமலே தேர்ச்சி பெற்றதாகக் கருதப்படுவார்கள் என்று அன்றைய மாநில அரசு அறிவித்தது. ஊர்தோறும் கொண்டாட்டம், சுவரெங்கும் நன்றி அறிவிப்பு. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு ஒப்பவில்லை. வழக்குச் சென்னை உயர்நீதிமன்றம் சென்றது. தேர்வே இன்றித் தேர்ச்சி என்பதை மன்றம் ஏற்கவில்லை. 2021இல் தேர்வு நடத்தவே பணித்தது.

அந்தக் கொண்டாட்டத்தை ஏளனம் செய்தவர்கள் பலர். நாம் ஏளனம் செய்யமாட்டோம். பிழை எங்கே என்று சொல்லாமல் ஒருவனை மூன்று முறை, ஐந்து முறை திருப்பி அனுப்பினால், அவனுக்குத் தேர்வு என்பது கல்வியின் பகுதியாகவா தோன்றும்? வழியில் நிற்கும் சுங்கச்சாவடியாகத்தான் தோன்றும். சாவடியை ஒருநாள் திறந்துவிட்டால் வண்டிக்காரன் மகிழாமல் என்ன செய்வான்? ஆயினும் உண்மையைச் சொல்லவேண்டும். காரணம் சொல்லாமல் தோல்வி தருவதும், கேள்வியே கேளாமல் தேர்ச்சி தருவதும் உடன்பிறந்த இரட்டையர். 'உனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதில் எங்களுக்கு அக்கறை இல்லை' என்பதுதான் இரண்டின் உட்பொருளும். அவ்வாறு தேர்ச்சி பெற்றிருந்தாலும், அந்தப் பிள்ளைக்கு விடுபட்ட பாடம் விடுபட்டதாகவே இருந்திருக்கும். அதனைக் கும்மிடிப்பூண்டி ஆலை வாயிலில் வேறொருவர் கேட்டிருப்பார். அங்கே மறுதேர்வு கிடையாது.

பட்டியல் நிரம்பியது, வகுப்பு?

'இதெல்லாம் பழைய கதை; இப்போது விளைவு சார்ந்த கல்வி வந்துவிட்டது' என்பார்கள். வந்தது உண்மை. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014 ஜூனில் இந்தியா முழு உறுப்பினரானது. ஆசிரியர் என்ன நடத்தினார் என்று பாராமல், மாணவன் என்ன செய்ய வல்லவனானான் என்று பார்க்கவேண்டும் என்பது அதன் அடிப்படை. கொள்கை அளவில் இதனைவிட நல்லது வேறில்லை. நாம் கேட்பதும் அதுவே.

நடைமுறை என்ன? கல்லூரி ஒன்றில் விரிவுரையாளராக உள்ள நம் உறவுப் பெண் ஒருத்தி, வீட்டுத் திருமணத்துக்கு வந்த இடத்திலும் மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்தோ ஆறோ விளைவுகள். அவை ஒவ்வொன்றும் படிப்பின் பொது விளைவுகளோடு எந்த அளவில் பொருந்துகின்றன என்பதற்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று கட்டங்கள். ஒவ்வொரு வினாவின் அருகிலும் அஃது எந்தப் படிநிலையைச் சோதிக்கிறது என்று குறியீடு. பெஞ்சமின் புளூம் என்னும் அமெரிக்கர் 1956இல் வகுத்த படிநிலைகளின் வழி வந்தவை அக்குறியீடுகள். "இதை நிரப்பியபின் பிள்ளைகளிடம் என்ன சொல்வாய்?" என்று கேட்டோம். "பிள்ளைகளிடமா? இது பார்வையிட வரும் குழுவுக்கு, பெரியப்பா" என்றாள். மாணவன் கற்றதை அளக்கப் பிறந்த முறை, ஆசிரியரின் பொழுதைத் தின்று, ஆய்வுக் குழுவின் கண்ணுக்கு விருந்தாகிறது. எந்தப் பிள்ளைக்காக இவ்வளவும் தொடங்கியதோ, அவன் கைக்கு மட்டும் ஒரு சொல்லும் வந்து சேர்வதில்லை.

அகமதிப்பீட்டின் கதையும் இதுவே. சென்னைப் பல்கலைக்கழகக் கலைக் கல்லூரிகளில் 100க்கு 25 என்றும், அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு விதிகளில் எழுத்துத் தாள்களுக்கு 40 என்றும் அகமதிப்பெண் வைத்துள்ளார்கள். ஆண்டு முழுவதும் பிள்ளையைக் கவனித்து, அவ்வப்போது திருத்தவேண்டும் என்பது அதன் நோக்கம். அதனைத் திறம்படச் செய்யும் ஆசிரியர்களை நாம் அறிவோம்; அவர்களுக்கு நம் வணக்கம். ஆனால், எத்தனையோ இடங்களில் அஃது 'அடங்கி நடந்தால் உண்டு, எதிர்த்துப் பேசினால் இல்லை' என்னும் மூக்கணாங்கயிறாகிவிட்டது. கேள்வி கேட்கும் பிள்ளைக்கு மதிப்பெண் குறையும் என்றால், அந்தக் கல்லூரியில் அறிவு எப்படி வளரும்?

மூன்று குழுக்கள்

திருப்பித் தருவதால் என்ன பயன் என்று வினவுவோர்க்கு மேலைநாட்டு ஆய்வு ஒன்றைச் சொல்வோம். ரூத் பட்லர் என்னும் ஆய்வாளர் 1988இல் பள்ளிப் பிள்ளைகளை மூன்று குழுக்களாகப் பிரித்து, அவர்கள் செய்த பயிற்சிகளைத் திருத்தித் தந்தார். முதல் குழுவுக்கு மதிப்பெண் மட்டும். இரண்டாம் குழுவுக்குப் பிழையும் நிறையும் சுட்டும் குறிப்பு மட்டும். மூன்றாம் குழுவுக்கு இரண்டும். அடுத்த பயிற்சியில் முன்னேறியவர்கள் குறிப்பு மட்டும் பெற்றவர்களே. மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்ந்து பெற்றவர்கள்கூட அந்த அளவுக்கு முன்னேறவில்லை. எண்ணைக் கண்டவுடன் எழுத்தைப் படிக்க மறந்தார்கள் போலும்! பத்தாண்டு கழித்து, 1998இல், இலண்டன் கிங்ஸ் கல்லூரியின் பால் பிளாக், டிலன் வில்லியம் என்னும் இருவர் இத்தகைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்தார்கள். கற்கும் காலத்திலேயே பிழையைச் சுட்டித் திருத்த இடந்தரும் சோதனை கற்றலை உயர்த்துகிறது என்றும், பின்தங்கியவர்களுக்கு அது பெரிதும் உதவுகிறது என்றும் முடிவு கண்டார்கள்.

நம் வீடுகளில் இதனை அறிய ஆய்வு வேண்டியதில்லை. குர்ஆன் மனனம் செய்யும் பிள்ளை ஒவ்வொரு காலையும் உஸ்தாதின் முன் அமர்ந்து ஸபக் ஒப்புவிப்பதைக் கண்டிருக்கிறோம். ஓரெழுத்துப் பிசகினால் அந்த இடத்திலேயே நிறுத்துகிறார், சரியானதை எடுத்துக்கொடுக்கிறார், பிள்ளை திருத்திக்கொண்டு மேலே செல்கிறான். 'உனக்கு இன்று நூற்றுக்கு 31' என்று மட்டும் சொல்லி அனுப்பும் உஸ்தாத் ஒருவர் இருந்தால், உலகில் ஒரு ஹாஃபிஸும் உருவாகியிருக்கமாட்டார்.

இமாம் புகாரியின் தொகுப்பில் கல்வி பற்றிய பகுதியில் ஒரு தலைப்பு உண்டு: தலைவர் தம் தோழர்களின் அறிவைச் சோதிக்க வினா எழுப்புதல் என்பது அதன் பொருள். இலை உதிராத மரம் ஒன்று உண்டு. அது முஸ்லிமுக்கு உவமை. எதுவெனச் சொல்லுங்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) வினவுகிறார்கள். தோழர்களின் எண்ணம் பாலைவனத்து மரங்களை எல்லாம் சுற்றுகிறது. இளைஞர் இப்னு உமர் (ரலி) அவர்களுக்குப் பேரீச்ச மரம் என்று உள்ளத்தில் தோன்றுகிறது. பெரியோர் நிறைந்த அவையில் வாய் திறக்க நாணுகிறார். யாரும் சொல்லாதபோது, நாயகமே விடை கூறுகிறார்கள். இரண்டு செய்திகளை இதில் கவனிக்கவேண்டும். வினவியவர் அதே அமர்வில் விடையையும் தந்தார். யாரும் இருளோடு வீடு திரும்பவில்லை. அடுத்து, அறிந்தும் சொல்லாத ஒரு பிள்ளை அந்த அவையில் இருந்தார். நம் கல்லூரிகளில், முதல் தலைமுறையாகப் படிக்க வந்த எத்தனை பிள்ளைகள் நெஞ்சில் விடை இருந்தும், ஆங்கிலம் வாயில் வராமல் தலைகுனிந்து நிற்கிறார்கள்! முகம் பார்த்துக் கேட்பவர் இருந்தாலன்றோ அவர்களின் நாணம் உடையும்?

இதனால், அரபி மதரஸாக்கள் எல்லாம் சரியாக நடக்கின்றன என்று நாம் சொல்வதாக யாரும் எண்ணவேண்டா. நம் இனத்தார் குறையை நாமே சொல்லாவிட்டால் பிறர் குறையைச் சொல்ல நமக்கு என்ன உரிமை? ஆண்டுகளை எண்ணி ஸனது வழங்கும் வழக்கம் நம்மிடத்தும் உண்டு. பட்டமளிப்பு மேடையில் தலைப்பாகை கட்டிக்கொண்ட மாணவன், இதுவரை பாராத ஒரு கிதாபைத் திறந்து குறியீடு இல்லாத இபாரத்தைப் பிழையின்றி வாசிக்கத் தடுமாறுவதை நாமே கண்டு தலைகுனிந்ததுண்டு. இம்திஹான் தாள்களைக் கட்டி மூலையில் போட்ட குற்றம் நம் மீதும் உண்டு. ஆசிரியர் முன் வாசித்து, அவர் திருத்த, அந்தச் சுவடியிலேயே ஆசிரியர் கைப்பட இஜாஸா எழுதித் தந்த முன்னோர் வழியை நாமும் கைநழுவவிட்டோம்.

மறுப்பவர்களுக்கு

'இலட்சக்கணக்கான தாள்கள், ஒவ்வொன்றையும் திருப்பித் தர எங்கே ஆள்?' இது முதல் மறுப்பு. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளே நானூறுக்கு மேல், எண்ணிக்கை பெரிதுதான். ஆனால், கட்டணம் கட்டியவனுக்கு விடைத்தாளின் படியெடுத்துத் தர முடிகிறதே! பணம் தந்தவனுக்கு முடிவது பணம் தராதவனுக்கு முடியாது என்றால், தடை ஆள் பற்றாக்குறை அன்று, மனப் பற்றாக்குறை.

'தாளைக் காட்டினால் ஒவ்வொருவனும் வழக்குக்கு வருவான், தரம் கெடும்.' இஃது இரண்டாம் மறுப்பு. வரட்டும். தன் திருத்தத்துக்குக் காரணம் சொல்ல வல்ல ஆசிரியருக்கு எந்தக் கேள்வியும் அச்சமன்று. பகுதாதில் அறிஞர் பதின்மர் ஆளுக்குப் பத்தாக நூறு ஹதீஸ்களின் அறிவிப்பாளர் தொடர்களை மாற்றிக் கலந்து இமாம் புகாரியைச் சோதித்த வரலாற்றை உலமாக்கள் அறிவர். ஒவ்வொன்றுக்கும் 'இதனை அறியேன்' என்று சொல்லி வந்த அவர், கடைசியில் முதல் மனிதரிடம் திரும்பி, நூறையும் வரிசை பிசகாமல் எடுத்துரைத்து, ஒவ்வொன்றையும் உரிய தொடரோடு பொருத்திக் காட்டினார். தவறு என்பதோடு அவர் நிறுத்தவில்லை. சரியானதைக் கையில் கொடுத்தார். தரம் என்பது அது. கதவைச் சாத்திக்கொண்டு மதிப்பெண்ணைக் குறைப்பதைத் தரம் என்று சொல்வது சொல்லுக்கே அவமானம்.

நாம் கேட்பது

பெரிய ஆணைக்குழுவுக்குக் காத்திராமல் செய்யத்தக்கவை சில உண்டு. திருத்திய விடைத்தாள் கட்டணமின்றி எழுதியவன் பார்வைக்கு வரவேண்டும். ஒவ்வொரு தாளிலும் எங்கே குறைந்தது என்று இரண்டு வரியேனும் எழுதப்படவேண்டும். ஒரு தாளில் தவறியவனை அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டச் சொல்லுமுன், அப்பாடத்தின் ஆசிரியர் ஒருவர் அவனை அழைத்து அரைமணி நேரம் வாய்மொழியாகக் கேட்டறியவேண்டும். அகமதிப்பெண் எதற்காகத் தரப்பட்டது, எதற்காகக் குறைக்கப்பட்டது என்பது பருவம் முடியுமுன் பிள்ளைக்குத் தெரியவேண்டும்.

இதனை முதலில் தொடங்கத் தக்கவை நம் சமுதாயம் நடத்தும் கல்லூரிகளே. சென்னைப் புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் 1951இல் எழுந்தவை; இன்று தன்னாட்சி பெற்றவை. தாமே தேர்வு நடத்தும் கல்லூரிகளுக்கு, தாளைத் திறந்து காட்ட எவர் உத்தரவும் வேண்டியதில்லை. பிறர்க்கு வழிகாட்டும் பெருமையை அவை பெறவேண்டும் என்பது நம் ஆசை.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். பிள்ளை தேர்வு முடித்து வந்தால் 'எத்தனை மார்க்?' என்று கேட்கிறோம். அந்தக் கேள்வியை மாற்றுவோம். 'எதில் தவறினாய்? அதை யார் உனக்குச் சொன்னார்கள்?' என்று கேட்போம். யாரும் சொல்லவில்லை என்று அவன் சொன்னால், அவனைத் திட்டுவதை நிறுத்தி, அவனோடு கல்லூரிக்குச் செல்வோம். பீஸ் கட்டப் போகும் கால்கள் இதற்கும் போகலாம்.

அந்த இளைஞனின் கதையை முடிக்கவேண்டும். நான்காம் முறைக்கும் பணம் கட்டச் சொன்னோம். முடிவு வந்தபோது மீண்டும் தோல்வி. இம்முறை, குறித்த நாளுக்குள் விண்ணப்பித்து, கட்டணமும் கட்டி, விடைத்தாளின் படியைப் பெற்று வந்தான். நமக்கு இயற்பியல் தெரியாது. ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் ஆசிரியர் ஒருவர் நம் தெருவில் இருக்கிறார். அவரிடம் அழைத்துச் சென்றோம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கங்களைப் புரட்டினார். கால்மணி நேரம் ஆகியிருக்கும்.

"தம்பி, கேள்வியிலே 'டெரைவ்' என்று கேட்டிருக்கிறார்கள். சமன்பாட்டைப் படிப்படியாக வருவித்துக் காட்டவேண்டும். நீ 'டிஸ்கிரைப்' என்று கேட்டதுபோல் பக்கம் பக்கமாக விவரித்து வைத்திருக்கிறாய். பெரிய கேள்வி அத்தனையிலும் இதே தவறுதான். உனக்குப் பாடம் தெரியாமல் இல்லை."

அவன் நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து, ஆலையில் வைத்துக்கொள்ளும் சாக்பீஸ் துண்டை எடுத்தான். அது காகிதத்தில் எழுதாது என்று நினைவு வந்ததோ என்னவோ, திரும்பப் பையில் வைத்துக்கொண்டு, அவரிடம் பேனாவை வாங்கி, அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான்.

இரண்டாண்டுகள் போயின. கட்டணங்கள் போயின. தங்கையின் திருமணப் பேச்சில், 'மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் அண்ணன் பட்டதாரி என்று சொல்லலாமா, கூடாதா?' என்று தாய் தயங்கி நின்ற நாள்களும் போயின. ஒரே ஒரு சொல்லைச் சுற்றி ஒரு வட்டம். அதனைப் போட ஒரு கை இத்தனை நாள் இல்லாமற் போயிற்று. அவன் ஐந்தாம் முறை எழுதியிருக்கிறான். முடிவு இன்னும் வரவில்லை. தேறுவான் என்று நம்புகிறோம்; துஆச் செய்கிறோம். ஆனால், பிழையைத் தானே கண்டு வட்டமிடும் நிலைக்கு அவனைத் தள்ளிய முறை மட்டும் இன்னும் தேறவில்லை. அதன் விடைத்தாளைத் திருத்தி, வட்டமிட்டு, அதன் கையிலேயே திருப்பிக் கொடுக்கவேண்டியவர்கள் நாம்.